பிரிக்கப்பட்ட தம்பதிகளும் உம்மு ஸலமா நாயகியும்

(திண்டுக்கல்லில் ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நோன்பைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கடல் தாண்டி வந்த அரசாங்கக் கடிதம். அதைப் பெற்ற தம்பதியரின் பெயரைச் சொல்லமாட்டேன். விஷயத்தைச் சொல்ல இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். "எங்களைப் போல இன்னும் எத்தனையோ வீடு இருக்கு, சொல்லுங்க ஹஜ்ரத்" என்றுதான் இருவருமே சொன்னார்கள்.

பேகம்பூர்ப் பக்கத்துக் குடும்பம். அத்தா தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர். மகன் படித்து, அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனார். அவருக்குக் கொடுத்த அனுமதி ஒரு தேதியோடு முடிந்தது. வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று ஒன்றரை வருடம் அங்கேயே தங்கிவிட்டார். அத்தா மௌத்தான செய்தி வந்தபோதுதான் புறப்பட்டார். ஜனாஸா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த வருடம் நம் ஊரிலேயே நிகாஹ் நடந்தது. பெண் அந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர், அந்நாட்டுக் குடிமகள். மனைவி மனுப்போட்டால் கணவன் போய்விடலாம் என்று இரு வீட்டாரும் எண்ணிக்கொண்டார்கள். மனுவும் ஏற்கப்பட்டது. நேர்முகத்துக்கு மும்பை போன பிறகுதான் தெரிந்தது, பத்து வருடம் உள்ளே வரக்கூடாது என்று தடை இருப்பது.

1996-இல் அந்நாட்டில் இயற்றிய சட்டம் அது. அனுமதி இல்லாமல் 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறியவருக்கு 10 வருடத் தடை. இந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கணவனோ மனைவியோ பெற்றோரோ அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவராயிருந்து, அவருக்கு மிகக் கடுமையான கஷ்டம் நேரும் என்று மெய்ப்பிக்க வேண்டும். மனுச் செய்கிறவர் படும் கஷ்டம் கணக்கில் வராது. பிள்ளை படும் கஷ்டமும் தனியாகக் கணக்கில் வராது. அது தாயை எவ்வளவு வருத்துகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதோடு ஒரு நிபந்தனை: பிரிந்திருந்தால் யாருக்கும் வரக்கூடிய இயல்பான துயரம் மட்டும் போதாது.

இந்தத் தம்பதியும் எழுதினார்கள். மனைவியின் தாயாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அவரை விட்டு மகள் வரமுடியாது, கைக்குழந்தை இருக்கிறது, தனியாக வேலைக்கும் போகவேண்டும் என்றெல்லாம் எழுதி, மருத்துவர் சான்றுகளும் வைத்தார்கள். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. மனு மறுக்கப்பட்டது.

அந்தச் சகோதரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "ஹஜ்ரத், எங்க கஷ்டம் பத்தலைன்னு எழுதியிருக்காங்க. இன்னும் எவ்வளவு பட்டாப் பத்தும்?"

அன்று நான் சொன்னதெல்லாம், "சபூர் செய்யுங்க தம்பி, அல்லாஹ் பெரியவன்" என்பதுதான். சொன்னது தவறில்லை. ஆனால் அதோடு எழுந்து போய்விட்டேன். அது தவறு. பசித்து வந்தவனுக்குச் சட்டியை மட்டும் காட்டி அனுப்பியதற்கு ஒப்பாகும். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இன்று சொல்கிறேன்.

முதலில் ஹிஜ்ரத்துக்குப் போவோம். மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்ட ஆரம்பக் குடும்பங்களில் ஒன்று அபூஸலமா (ரலி), உம்மு ஸலமா (ரலி) தம்பதியருடையது. ஒட்டகத்தில் மனைவியையும் மகன் ஸலமாவையும் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அபூஸலமா நடந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மனைவியின் கோத்திரத்தார் ஓடிவந்து மறித்தார்கள். நீ வேண்டுமானால் போ, எங்கள் பெண்ணை ஊர் ஊராக இழுத்துப் போக விடமாட்டோம் என்று கயிற்றைப் பறித்துக்கொண்டார்கள். இதைக் கேள்விப்பட்டுக் கணவனின் கோத்திரத்தார் வந்தார்கள். அப்படியானால் பிள்ளை எங்களுடையது என்று அவர்கள் குழந்தையை இழுத்தார்கள். இரு பக்கமும் இழுத்ததில் அந்தப் பச்சைக் குழந்தையின் கை மூட்டு நழுவிவிட்டது என்று சரித்திரத்தில் இருக்கிறது. கணவன் மதீனாவில், மனைவி மக்காவில், பிள்ளை இன்னொரு வீட்டில். ஒரே நாளில் ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்தது.

உம்மு ஸலமா நாயகி என்ன செய்தார்கள்? தினமும் காலையில் அப்தஹ் என்னும் திடலுக்குப் போய் உட்கார்ந்து, மாலைவரை அழுதார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய ஒரு வருடம். அழுவது ஈமானுக்குக் குறைவு என்று நம்மில் சிலர் பெண்களை அதட்டுகிறோமே, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களுக்குப் பின்னாளில் மனைவியாகவும், முஃமின்களுக்கெல்லாம் அன்னையாகவும் ஆகப்போகிற ஒரு பெண்மணி, ஊரார் கண்ணெதிரில் ஒரு வருடம் அழுதிருக்கிறார்கள். சபூர் என்பதற்குக் கண்ணீர் வரக்கூடாது என்று அர்த்தமில்லை. உறவினர் ஒருவர் மனமிரங்கிப் பேசிய பிறகுதான் விட்டார்கள். பிள்ளையும் திரும்பக் கிடைத்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக ஒட்டகத்தில் புறப்பட்டார்கள். தன்ஈமில் எதிர்ப்பட்ட உஸ்மான் இப்னு தல்ஹா, அப்போது இஸ்லாத்துக்கு வராதவர், கயிற்றைப் பிடித்து மதீனாவின் எல்லைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினார்.

இதில் அந்தச் சகோதரரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அலுவலகத்துத் தராசு ஒன்று. அல்லாஹ்வின் தராசு வேறு. "இயல்பான துயரம்" என்று அங்கே தள்ளிவிடுகிறார்களே, அந்த இயல்பான துயரத்தின் ஒவ்வொரு துளியும் இங்கே எழுதப்படுகிறது. முள் குத்தினாலும் முஃமினுக்கு அதனால் பாவம் உதிரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கும்போது, பிள்ளையின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்க்கிற தகப்பனின் துயரம் கணக்கில் வராமல் போகுமா?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தேதி முடிந்தபின் தங்கியது குற்றம். ஒரு நாட்டின் அனுமதியைக் கையெழுத்திட்டு வாங்குவது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. எதிர்த் தரப்பார் முஸ்லிமா என்று அது கேட்கவில்லை. நாயகத்தின் மருமகனார் அபுல் ஆஸைப் பாருங்கள். பத்ருப் போரில் கைதியானவர், அப்போது ஈமான் கொள்ளாதவர். மனைவி ஜைனப் (ரலி) அவர்களை மதீனாவுக்கு அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்து விடுதலையானார். மக்கா போய்ச் சேர்ந்தபின் யார் அவரைத் தட்டிக் கேட்கமுடியும்? ஆனாலும் உயிருக்குயிரான மனைவியைச் சொன்னபடி அனுப்பிவைத்தார். பின்பு வருடக் கணக்கில் தனித்திருந்தார். முஸ்லிமாகி மதீனாவுக்கு வந்தபோதுதான் இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றியவர் என்று நாயகமே அவரைப் பாராட்டினார்கள். அந்தச் சகோதரரும் தம் தவறை ஒப்புக்கொண்டு, எழுத்திலும் அதையே எழுதினார். பொய் எதுவும் சேர்க்கவில்லை. தண்டனை தவற்றை விடப் பெரிதா என்று என்னைக் கேட்டால், பெரிதுதான் என்பேன். தவறு செய்தது அவர். பத்து வருடத்தைச் சேர்ந்து அனுபவிப்பது தவறே செய்யாத மனைவியும் பிள்ளையும்.

இது நம்மவருக்குப் புதிதும் அல்ல. பெரியவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போய்ப் பிழைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் மட்டும் போனார்கள். பெண்கள் ஊரில் இருந்தார்கள். கடையநல்லூர், தென்காசி மக்கள் மட்டும் குடும்பத்தோடு போய்ச் சேர்வதில் முந்திக்கொண்டார்கள். மற்றவர்களோ, "பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டார்கள். 1959-இல் சிங்கப்பூரில் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்து வருடம் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நுழைவு இல்லை. ஆறு வயதாகிவிட்ட பிள்ளைக்கும் இல்லை. பார்த்தீர்களா? பிரிந்திருந்ததையே காரணமாகக் காட்டிப் பிரித்து வைத்தார்கள்! தவணை பார்த்துத் தவணை பார்த்து மனைவியை ஊரில் நிறுத்திவைத்த ஆண்களுக்கு, அந்தச் சட்டம் வந்த அன்றுதான் காலம் என்பது நம் பையில் கிடக்கும் காசல்ல என்று தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. ஃபவ்ஸியா தீன் என்ற பெண்மணி ஆப்கானில் பிறந்து அந்நாட்டுக் குடிமகளானவர். கணவருக்கு 2009-இல் விசா மறுக்கப்பட்டது. காரணத்தை விளக்கமாகச் சொல்லுங்கள் என்று வழக்காடினார். 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். 2024 ஜூனில் சாண்ட்ரா முன்யோஸ் என்ற கிறிஸ்தவப் பெயருடைய சகோதரியின் வழக்கு வந்தது. அவருடைய கணவர் எல் சால்வடார்காரர். அவருக்கு விலக்கு கிடைத்தும்கூட, வேறு காரணம் காட்டித் தூதரகத்தில் விசா மறுத்துவிட்டார்கள். அயல்நாட்டுக் கணவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சகோதரியின் துயரமும் நம் பிள்ளையின் துயரமும் ஒன்றுதான்.

அந்நியரை மட்டும் குறை சொல்லவும் நமக்கு முகமில்லை. நம் ஊரை ஒட்டித் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு 2022 செப்டம்பரில் 321 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் முகாமில் பதிவான ஒருவர் இந்தியக் குடிமகளையே மணந்தாலும், கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர் என்ற காரணத்தால், மணவுறவை வைத்துக் குடியுரிமை கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. சட்டத்தின் முன் கணவன் மனைவி என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் எடை குறைவாகத்தான் இருக்கிறது.

இனி அந்த வீட்டுக்குள் வருவோம். கடிதம் வந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஆலோசனை சொல்ல ஊரே வந்துவிட்டது! ஒருவர், மெக்ஸிகோ வழியாகப் போய்விடலாம், ஆள் இருக்கிறது, லட்சக்கணக்கில் ஆகும் என்றார். சகோதரர்களே, இது ஹறாம் மட்டுமல்ல, மடமையும்கூட. ஒரு வருடத்துக்கு மேல் அனுமதியின்றித் தங்கிய ஒருவர் மறுபடி திருட்டுத்தனமாக நுழைந்தால், பத்து வருடத் தடை நிரந்தரத் தடையாக மாறிவிடும். அதன்பின் வெளியேறிப் பத்து வருடம் கழித்த பிறகுதான் விண்ணப்பிக்க அனுமதியே கேட்கமுடியும். 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களை இராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்களே, நிலத்தை விற்றுப் போன பிள்ளைகள் அவர்களில் எத்தனை பேர்!

இன்னொருவர், காகிதத்துக்கு மட்டும் தலாக் சொல்லிவிட்டு வேறு வழியில் மனுப்போடலாம் என்றார். நிகாஹும் தலாக்கும் வேடிக்கைக்குச் சொன்னாலும் வினையாகவே முடியும் என்பது ஹதீஸ். காகிதத்துக்குச் சொன்ன தலாக்கைப் பற்றி மறுமையில் காகிதமா பதில் சொல்லும்?

மூன்றாவது ஆலோசனை பெற்ற தாயிடமிருந்தே வந்தது. "அந்தப் பிள்ளை வந்த நேரம் சரியில்லை. இங்கேயே ஒண்ணு பார்த்துடலாம்ப்பா." அந்த அம்மாவை நான் கோபிக்கவில்லை, தனியாகச் சோறு தின்கிற மகனைத் தினமும் பார்க்கிறவர். ஆனால் நேரம் சரியில்லை என்ற பேச்சு நம் மார்க்கத்தில் கிடையாது. பலதார மணத்துக்கு அல்லாஹ் கொடுத்த அனுமதி, விசா மறுத்ததற்கு ஈடாகக் கொடுத்ததும் அல்ல. அங்கே ஒருத்தி கணவனுக்காக மனு எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே இரகசியமாக ஒரு நிகாஹ் என்றால், அதற்குப் பெயர் நீதமா?

இத்தனை பேர் ஆலோசனை சொன்னார்களே, அந்த மனைவியை யாராவது கேட்டார்களா? நானும் கேட்கவில்லை. அவரே என் வீட்டில் இருப்பவரிடம் தொலைபேசியில் பேசினார். "அம்மாவைத் தம்பி பார்த்துக்கிறேன்னு சொல்றான். நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒரு வருஷம் திண்டுக்கல் வந்து இருக்கேன்னா, இவங்க வேண்டாங்கிறாங்க. நீ வந்துட்டா நாம தோத்துட்டோம்னு அர்த்தங்கிறாங்க. ஹஜ்ரத்தைக் கேட்டுச் சொல்லுங்கம்மா, நாங்க யார்கிட்ட தோத்துட்டோம்?"

எனக்குச் சுருக்கென்றது. சபூர் செய்யுங்கள் என்று நான் கணவனிடம் சொன்னேன். அந்தச் சபூரில் பாதியைச் சுமப்பவர் இங்கே இல்லவே இல்லை.

உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவில் உலாவி வரும்போது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் புலம்புவதைக் கேட்டார்கள். கலீஃபா உடனே அவளுக்குச் சபூரைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் எவ்வளவு காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் இருக்கின்றன. அதற்கு மேல் எந்தப் படைவீரரையும் மனைவியை விட்டு நிறுத்திவைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மனைவியைத் தீண்டமாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கும் நான்கு மாதம்தான் தவணை என்று அல்பகரா அத்தியாயம் 226-ஆம் வசனத்தில் இருக்கிறது. காலத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைச் சொல்லும் உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது. அவளே மனமொப்பிக் காத்திருந்தால் அது வேறு. கேட்காமலே காத்திருக்க வைப்பது வேறு. துபாயிலும் சவூதியிலும் மூன்று வருடம், நான்கு வருடம் என்று தங்கிவிடுகிற நம் சகோதரர்களும் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

"யாரிடம் தோற்றோம்?" என்ற கேள்விக்கு ஹுதைபிய்யாவுக்குத்தான் போகவேண்டும். ஹிஜ்ரி ஆறாம் வருடம். ஏறக்குறைய 1,400 ஸஹாபாக்கள் இஹ்ராம் கட்டி, குர்பானி ஒட்டகங்களோடு மக்காவின் வாசல்வரை வந்துவிட்டார்கள். குறைஷிகள் நுழைவை மறுத்தார்கள். இந்த வருடம் திரும்பிப் போங்கள், அடுத்த வருடம் வந்து மூன்று நாள் தங்கலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம். நாயகம் (ஸல்) அவர்களே நுழைவு மறுக்கப்பட்டவர்களாகத் திரும்பினார்கள்! ஸஹாபாக்களால் தாங்க முடியவில்லை. குர்பானியை அறுத்துத் தலைமுடி களையுங்கள் என்று நாயகம் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. மனவருத்தத்தோடு கூடாரத்துக்குள் போனார்கள். உள்ளே இருந்தவர்கள் யார்? அதே உம்மு ஸலமா நாயகி! ஒட்டகக் கயிறு பறிக்கப்பட்டு ஒரு வருடம் அப்தஹில் அழுதவர்கள். அபூஸலமா (ரலி) மறைந்தபின் நாயகம் (ஸல்) அவர்களை மணந்திருந்தார்கள். போகும் வழி மறுக்கப்பட்டால் மனம் என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? யாரிடமும் எதுவும் பேசவேண்டாம், தாங்கள் வெளியே போய்த் தங்கள் குர்பானியை அறுத்து, தங்கள் முடியைக் களையுங்கள் என்று யோசனை சொன்னார்கள். நாயகம் அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

நுழைவு கிடைக்காமலே இஹ்ராமைக் களைந்தார்கள். கிடைத்தால்தான் களைவேன் என்று எல்லையில் உட்கார்ந்திருக்கவில்லை. மதீனாவுக்குத் திரும்பினார்கள், தொழில் செய்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். மறு வருடம் உம்ராவுக்கு வந்தார்கள். அந்தத் திரும்புதலைத்தான் அல்லாஹ் தஆலா தெளிவான வெற்றி என்று ஃபத்ஹு அத்தியாயத்தில் அழைக்கிறான்.

இதைத்தான் அந்தச் சகோதரரிடம் போய்ச் சொன்னேன். தம்பி, நீங்கள் இஹ்ராமைக் களையாமல் எல்லையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே வேலை பார்க்கவில்லை, ஏனென்றால் போகப்போகிறவர். வீடு பார்க்கவில்லை, ஏனென்றால் போகப்போகிறவர். மனைவி வருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறீர்கள். பத்து வருடத்தில் நாலு வருடம் போய்விட்டது. மகளுக்குத் தொலைபேசிதான் அத்தா என்று நினைப்பு. மனுவைக் கைவிடச் சொல்லவில்லை. புதிய சான்று இருந்தால் முறையான வழக்கறிஞரைக் கேட்டு மறுபடி போடுங்கள். மேல்முறையீட்டுக்குச் சில வகை மனுவில் வழி உண்டு, சில வகையில் கிடையாது. நாள் கணக்கு உண்டு, தவறவிடாதீர்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த ஊரின் பெயரைப் பாருங்கள். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் எங்கிருந்தோ வந்து இங்கே அடக்கமானவர். அவர் பெயரால்தான் பேகம்பூர். வெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் திண்டுக்கல்லில் இருக்க இடமில்லையா?

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ சம்பளத்துல நான் சாப்பிடணுமே ஹஜ்ரத்" என்றார். அங்கேதான் முள் இருந்தது! மனைவியின் பணம் மனைவிக்குத்தான், குடும்பச் செலவு கணவன் மீது கடமை, அதில் சந்தேகமில்லை. அவள் மனமுவந்து கொடுத்தால் வாங்குவது இழுக்கும் அல்ல. கதீஜா நாயகியின் செல்வம் யாருக்கெல்லாம் பயன்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மறுவாரமே நாகல் நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார், அத்தா பார்த்த அதே வேலை. அந்தப் பெண் பிள்ளையோடு அடுத்த மாதம் வருகிறார், இன்ஷா அல்லாஹ். ஒரு வருடம் இருப்பார். அதற்குப் பின் என்ன என்பதை இருவரும் சேர்ந்து இஸ்திகாரா செய்து முடிவெடுப்பார்கள். நம்மைக் கேட்டால் சொல்வோம்; கேட்காவிட்டால் துஆச் செய்வோம். அந்தப் பிள்ளை தெருவில் நடந்து வரும்போது, "விசா என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் யாரும் கேட்கவேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இஷாவுக்கு நேரமாகிவிட்டது. பாங்கு சொல்பவர் எழுந்துவிட்டார்.